வி2 என்றால் நேற்று என்று யார் சொன்னது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். வெளிநாட்டு பையர்களுக்குத் தினமும் மெயில் எழுதியாக வேண்டும். ‘கோ, வென்ட், கான்’ என்று போகும் வி1, வி2, வி3 வினை அட்டவணையைப் பள்ளியில் தலைகீழாக ஒப்பிப்பேன். ஆனாலும் மெயிலில் தப்பு வருகிறது. “டிட் யூ ரிசீவ்ட் தி சாம்பிள்ஸ்?” என்று எழுதினேன், சீனியர் ‘ரிசீவ்’ என்று திருத்தினார். முடிந்துபோன விஷயம்தானே, வி2 ஏன் கூடாது? “வீ ஹேவ் டிஸ்பேட்ச்ட் தி லேப் டிப்ஸ் யெஸ்டர்டே” என்பதற்கும் சிவப்புக் கோடு (லேப் டிப்ஸ் என்பது சாயம் போட்டுப் பார்க்கும் மாதிரித் துணி). ஆனால் எங்கள் அமெரிக்க பையர் “வீ ரிக்வெஸ்ட் தட் தி ஷிப்மென்ட் பி ஹெல்ட்” என்று எழுதுகிறார். ‘இஸ்’ எங்கே? கேட்டால் டைப்பிங் மிஸ்டேக் என்கிறார் சீனியர். அதே பையர் “இட்ஸ் டைம் வீ டிசைடட்” என்றும் எழுதினார். இன்னும் எதுவுமே முடிவாகவில்லை! “இஃப் ஐ வேர் யூ”, “லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ” இதெல்லாம் எந்த விதியில் வருகிறது? விதிகளை மொத்தமாக மனப்பாடம் செய்ய ஒரு வழி சொல்லுங்கள். எட்டாவது படிக்கும் என் மகன் வேறு, ‘கோ’வுக்கு வி2 ஏன் ‘வென்ட்’ என்று கேட்கிறான்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பையர் எழுதியது டைப்பிங் மிஸ்டேக் இல்லை. அதற்காக சீனியரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். உங்கள் வாக்கியங்களில் அவர் போட்ட திருத்தம் இரண்டுமே சரி. பையர் விஷயத்தில் மட்டும் அவர் அவசரப்பட்டுவிட்டார்.

அலுவலகங்களில் இருப்பவர்களுக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுதச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். நீங்கள் அடுக்கியிருக்கும் கேள்விகள் வேறு வேறாகத் தெரிந்தாலும் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான், அது அந்த அட்டவணையில் இருக்கிறது. வி1 என்றால் இப்போது, வி2 என்றால் நேற்று என்று படித்திருக்கிறோம். அட்டவணையில் இருப்பது சொல்லின் உருவம் மட்டும். காலம் காட்டுவது அந்த உருவம் செய்கிற வேலைகளில் ஒன்று. வேறு வேலைகளும் அதற்கு உண்டு. உருவத்தையும் காலத்தையும் சேர்த்துக் கட்டிவைத்துப் படித்தவர்களுக்கு, கட்டு அவிழும் இடமெல்லாம் புதிராகத்தான் இருக்கும்.

‘டிட்’டிலிருந்து தொடங்கலாம். ‘வந்தேன்’ என்பதை மறுத்துச் சொல்லுங்கள். ‘வரவில்லை’ என்பீர்கள். ‘வந்தவில்லை’ என்று நாலு வயதுக் குழந்தைகூடச் சொல்லாது. நடந்து முடிந்த விஷயம்தான், ஆனாலும் ‘வந்தேன்’ என்பதில் காலம் காட்டிய பகுதி போய்விட்டது, ‘நான்’ என்று காட்டிய ‘ஏன்’ விகுதியும் போய்விட்டது. ‘இல்லை’ வந்து சேர்ந்ததும் ‘வர’ என்ற மொட்டை உருவம்தான் மிஞ்சியது. ஆங்கிலத்திலும் இதே கதை. ‘கேம்’ என்பது மறுப்பில் ‘டிட் நாட் கம்’ ஆகிறது. ஒரு வித்தியாசம் உண்டு. நம் ‘வரவில்லை’ எந்தக் காலத்தையும் காட்டாது. நேற்று வரவில்லையா, இன்னும் வரவில்லையா என்பதைப் பக்கத்துச் சொல்தான் சொல்ல வேண்டும். ஆங்கிலம் காலத்தைத் தொலைப்பதில்லை. ‘டூ’ என்ற துணைவினை அதை வாங்கிக்கொண்டு ‘டிட்’ ஆகிவிடுகிறது. வீட்டில் ஒருவர் கரண்ட் பில் கட்டிவிட்டால் இன்னொருவர் போய் மறுபடி கட்ட வேண்டியதில்லை. ‘டிட் யூ ரிசீவ்ட்’ என்பது இரண்டு தடவை கட்டின பில்.

“ஹி கோஸ்” என்பதைக் கேள்வியாக்கும்போது “டஸ் ஹி கோ” ஆகிறதே, அங்கேயும் இதுதான் நடக்கிறது. ‘கோஸ்’ என்பதில் இருந்த ‘எஸ்’ தாவி ‘டஸ்’ஸில் உட்கார்ந்துகொண்டது. ‘டஸ் ஹி கோஸ்’ என்று எழுதுகிறவர்களும் இரண்டு தடவை பில் கட்டுகிறவர்கள்தான்.

இந்த ‘டூ’ ஆங்கிலத்தில் ஆதியிலிருந்தே இப்படிக் கட்டாயமாக இருந்ததில்லை. 1611-ல் வெளிவந்த ஆங்கில பைபிளில், உன் தம்பி எங்கே என்று கேட்கப்படும் காயீன் “ஐ நோ நாட்” என்கிறான். இன்றைக்கு யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள், “ஐ டோன்ட் நோ” என்பார்கள். அதே காலத்து ஷேக்ஸ்பியர் நாடகங்களில் இரண்டு விதமும் கலந்து கிடக்கும். கேள்விக்கும் மறுப்புக்கும் ‘டூ’ இல்லாமல் முடியாது என்ற நிலை அதற்கப்புறம் உறுதிப்பட்டது. ஆகவே உங்களுக்கு இது விநோதமாகத் தோன்றினால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஐரோப்பிய மொழிகளுக்குள்ளேயே இது கொஞ்சம் விநோதமான பழக்கம்தான்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. வாக்கியத்தில் எத்தனை வினைகள் வரிசையாக நின்றாலும் காலத்தைச் சுமப்பது முதலில் நிற்பது மட்டுமே. பின்னால் நிற்கும் ஒவ்வொன்றும் தனக்கு முன்னால் இருப்பது எந்த உருவத்தைக் கேட்கிறதோ அந்த உருவத்தில் நிற்கும். ‘டூ’வும் ‘கேன்’, ‘வில்’, ‘மஸ்ட்’ வகையறாவும் மொட்டை உருவத்தைக் கேட்கும். துணைவினையாக வரும் ‘ஹேவ்’ வி3 கேட்கும். ‘பி’ குடும்பம், அதாவது இஸ், வாஸ், பீன் போன்றவை, செய்வினையில் ‘ஐஎன்ஜி’யும் செயப்பாட்டு வினையில் வி3-யும் கேட்கும். “தி கூட்ஸ் வுட் ஹேவ் பீன் டிஸ்பேட்ச்ட்” என்பதைப் பிரித்துப் பாருங்கள். ‘வுட்’ மொட்டை உருவம் கேட்டது, ‘ஹேவ்’ வந்தது. ‘ஹேவ்’ வி3 கேட்டது, ‘பீன்’ வந்தது. ‘பீன்’ செயப்பாட்டுக்கு வி3 கேட்டது, ‘டிஸ்பேட்ச்ட்’ வந்தது. நான்கு வினைகள், ஒன்றைக்கூட மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ‘ஹேட் ஹேட்’ என்று இரண்டு முறை வருவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கும் இதே பதில்: முதல் ‘ஹேட்’ வி3 கேட்டது, ‘ஹேவ்’வின் வி3-யும் ‘ஹேட்’தான்.

‘ஹி கேன்’ என்பதில் ‘எஸ்’ ஏன் வருவதில்லை என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வகுப்பில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். நாமும் ‘அவன் வர வேண்டும்’, ‘நான் வர வேண்டும்’, ‘அவர்கள் வர வேண்டும்’ என்கிறோம். எல்லோருக்கும் ஒரே ‘வேண்டும்’. ஆங்கிலத்தில் இதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. ‘கேன்’, ‘ஷால்’, ‘மே’ மூன்றும் மிகப் பழைய காலத்தில் இறந்தகால அச்சில் வார்த்த உருவங்கள். பொருள் மட்டும் நிகழ்காலத்துக்கு நகர்ந்துவிட்டது. இறந்தகால உருவத்துக்கு ‘எஸ்’ கிடையாது, ‘ஹி வென்ட்ஸ்’ என்று சொல்வதில்லையே. பழைய பழக்கம் ஒட்டிக்கொண்டு ‘ஹி கேன்’ என்றே நின்றுவிட்டது. இறந்தகால உருவத்தை இன்றைய பொருளுக்குப் பயன்படுத்துவது ஆங்கிலத்தின் பழைய வழக்கம் என்பதற்கு இது ஒரு சாட்சி. கீழே இது உதவும்.

‘யெஸ்டர்டே’ விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். “நேற்றே அனுப்பியிருக்கிறோம்” என்பது தமிழில் சுத்தமான வாக்கியம். அதை அப்படியே ஆங்கிலத்தில் வைத்தால் ‘ஹேவ் டிஸ்பேட்ச்ட் யெஸ்டர்டே’ வந்துவிடும். ஜெர்மன்காரரும் பிரெஞ்சுக்காரரும் தங்கள் மொழியில் ‘நேற்று’ போட்டு இப்படித்தான் சொல்கிறார்கள், அங்கே அது தப்பில்லை. ஆங்கிலம் மட்டும் ‘ஹேவ்’வைப் பிடிவாதமாக இன்றோடு கட்டிவைத்திருக்கிறது. முடிந்துபோன ஒரு நேரத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால் (நேற்று, போன திங்கள், 12-ஆம் தேதி) வெறும் வி2 போடுங்கள்: “வீ டிஸ்பேட்ச்ட் தி லேப் டிப்ஸ் யெஸ்டர்டே.” நேரம் சொல்லாமல், வேலை முடிந்தது என்ற செய்தி மட்டும் போதுமென்றால் “வீ ஹேவ் டிஸ்பேட்ச்ட் தி லேப் டிப்ஸ்.” இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

இனி “இட்ஸ் டைம் வீ டிசைடட்.” இங்கேதான் அட்டவணை நம்மை நன்றாக ஏமாற்றுகிறது.

பள்ளியில் கால வழுவமைதி படித்திருப்பீர்கள். குடியரசுத் தலைவர் நாளை தமிழகம் வருகிறார் என்ற எடுத்துக்காட்டு நினைவிருக்கும். நாளை என்றால் ‘வருவார்’ என்றுதான் இருக்க வேண்டும், ஆனாலும் வழுவாகக் கொள்வதில்லை. “விரைவினும் மிகவினும் தெளிவினும் இயல்பினும்” முக்காலமும் ஒன்றுக்கொன்று மாறி வரலாம் என்று நன்னூலில் பவணந்தி முனிவரே இடம் கொடுத்திருக்கிறார். தொல்காப்பியமும், இனிமேல் நடக்கப்போவதை இறந்தகாலத்தில் சொல்வது விரைவைக் காட்டும் என்கிறது. வீட்டில் சட்டை மாட்டிக்கொண்டே போனில் “இதோ வந்துட்டேன்” என்கிறோமே, அதற்கான இலக்கணம் இது. அப்போதெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே ‘போவேன்’ என்று முப்பது வருடத்துக்கு முந்தின கதையை எதிர்கால உருவத்தில் சொல்வதற்கும் அதே சூத்திரத்தில் இடம் இருக்கிறது. அப்படிப் பேசுகிற நமக்கு உருவம் ஒன்று, காலம் வேறு என்பது புதிதில்லை. ஆங்கில வகுப்பில் உட்கார்ந்ததும்தான் அதை மறந்துவிடுகிறோம்.

இன்னும் ஒன்று. ‘வந்தால்’ என்பதைப் பிரித்துப் பாருங்கள். ‘வந்தான்’, ‘வந்தேன்’ என்பவற்றில் இருக்கிற அதே ‘வந்த்’ அதில் இருக்கிறது. ‘அனுப்பினால்’ என்பதிலும் ‘அனுப்பினேன்’ என்பதில் உள்ள ‘இன்’ இருக்கிறது. நாளைக்கு வரப்போகிறவரைத்தான் ‘நாளைக்கு அவர் வந்தால்’ என்கிறோம், ஆனால் அடியில் இருப்பது இறந்தகால உருவம். நடக்காத ஒன்றை மனதில் வைத்துப் பார்க்கும்போது இறந்தகால உருவத்தை எடுத்துக்கொள்வது தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் பொதுவாக அமைந்துவிட்டது.

ஆனால் இரண்டு மொழியும் அப்புறம் எதிரெதிர்த் திசையில் போகின்றன. நம் ‘வந்துட்டேன்’ நிச்சயத்தைக் காட்டுகிறது, வந்தது மாதிரியே வைத்துக்கொள் என்கிறது. ஆங்கில வி2 விஷயத்தைத் தள்ளி வைக்கிறது. எதிலிருந்து தள்ளி என்றால், மூன்று விதமாக. இப்போதிலிருந்து தள்ளி வைத்தால் நேற்று. நடைமுறையிலிருந்து தள்ளி வைத்தால் வெறும் கற்பனை, அல்லது நடக்காத ஒன்று. எதிரே இருப்பவரிடமிருந்து தள்ளி வைத்தால் மரியாதை. வி2 என்ற பெயரை விட்டுவிட்டு மனதுக்குள் ‘தள்ளி வைத்த உருவம்’ என்று சொல்லிப் பாருங்கள், பாதிப் புதிர் அங்கேயே தீரும்.

“இட்ஸ் டைம் வீ டிசைடட்” என்பது இரண்டாவது வகை. முடிவு இன்னும் எடுக்கவில்லை, நடைமுறையில் இல்லை, அதனால் வி2. இதே கருத்தை “இட்ஸ் டைம் டு டிசைட்” என்றும் சொல்லலாம், அது சாதாரணமாக நேரம் வந்துவிட்டது என்கிறது. ‘டிசைடட்’ போட்டால் இந்நேரம் முடிவு செய்திருக்க வேண்டாமா என்ற முணுமுணுப்பும் கூடவே வரும். உங்கள் பையர் ‘வீ’ என்று தன்னையும் சேர்த்துக்கொண்டு நாகரிகமாகத்தான் எழுதியிருக்கிறார், ஆனால் தாமதத்தைக் குத்திக் காட்டியிருக்கிறார். அந்த மெயிலுக்கு இன்னும் பதில் போடவில்லை என்றால் இன்றைக்கே போட்டுவிடுங்கள்.

“இஃப் ஐ வேர் யூ” என்பதும் அதே வகை. நான் நீங்களாக ஆகவே முடியாது, இதைவிடத் தள்ளி வைக்க முடியாது. மற்ற வினைகளுக்கு ஒரே ஒரு வி2 இருப்பதால் அதன் இரண்டாவது வேலை வெளியே தெரிவதில்லை. ‘பி’க்கு மட்டும் ‘வாஸ்’, ‘வேர்’ என்று இரண்டு இருப்பதால், பழைய வழக்கப்படி கற்பனைக்கு ‘வேர்’ என்று ஒதுக்கப்பட்டது கண்ணில் படுகிறது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே பேச்சில் ‘இஃப் ஐ வாஸ்’ என்று தாராளமாகச் சொல்கிறார்கள். ஆனாலும் மெயிலில் நீங்கள் ‘வேர்’ என்றே எழுதுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது.

இதில் வியாபாரத்துக்கு முக்கியமான ஒரு இடம் இருக்கிறது. “இஃப் யூ கன்ஃபர்ம் பை ஃப்ரைடே, வீ வில் ஷிப் ஆன் மண்டே” என்றால் வெள்ளிக்குள் சொல்லுங்கள், திங்கள் அனுப்பிவிடுவோம் என்று பொருள். இதையே ‘கன்ஃபர்ம்ட்’, ‘வுட் ஷிப்’ என்று மாற்றினால், நீங்கள் எங்கே வெள்ளிக்குள் சொல்லப்போகிறீர்கள் என்ற அவநம்பிக்கை கலந்துவிடும். எழுதியவருக்கு அப்படி நினைப்பே இருக்காது, படிப்பவருக்கு உறைக்கும்.

மூன்றாவது வகை மரியாதை. ‘கேன் யூ’ என்பதைவிட ‘குட் யூ’ பணிவு. “ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட்” என்று ஒருவர் எழுதினால் நேற்று யோசித்துக்கொண்டிருந்தார் என்று அர்த்தமில்லை, இந்த நிமிடம் தயங்கித் தயங்கிக் கேட்கிறார். உங்கள் ஊரில் இந்தக் கவலையே இல்லை. ஒரு ‘ங்க’ போட்டால் எல்லா வாக்கியத்துக்கும் மரியாதை வந்துவிடுகிறது. ‘யூ’ ஒன்றை வைத்துக்கொண்டு முதலாளியையும் வேலைக்காரரையும் கூப்பிட வேண்டிய மொழி, மரியாதையை வினையில்தான் தேடிக்கொள்ள முடியும்.

இதைக் கேள்விப்பட்ட நம் ஆட்கள் ஒரு படி மேலே போய் எல்லா இடத்திலும் ‘வுட்’ போட ஆரம்பித்துவிட்டார்கள். “வீ வுட் டிஸ்பேட்ச் தி கூட்ஸ் டுமாரோ” என்ற வாக்கியம் இந்திய அலுவலக மெயில்களில் சர்வ சாதாரணம். எழுதுகிறவர் ‘வில்’ என்பதைவிட இது மரியாதை என்று நினைக்கிறார். அமெரிக்கக் காதுக்கு அது ‘அனுப்புவோம், ஆனால்…’ என்று பாதியில் நின்ற வாக்கியம். ஆனால் என்ன? பணம் வரவில்லையா, டையிங்கில் பிரச்னையா? பையர் உடனே திருப்பிக் கேட்பார். நீங்கள் வாக்குக் கொடுக்கும் இடத்தில் தள்ளி வைத்த உருவமே வேண்டாம். தேதி சொல்கிறீர்களா, ‘வில்’. கேட்கிறீர்களா, ‘குட் யூ’, ‘வுட் யூ’. இது ஒன்றைச் சரிசெய்தாலே உங்கள் மெயில்கள் பாதிச் சந்தேகக் கேள்விகளிலிருந்து தப்பிவிடும் என்று நினைக்கிறேன்.

சரி, இப்போது அந்த ‘பி ஹெல்ட்’.

தமிழில் ‘வாழ்க’ என்று ஒரு வினை இருக்கிறது. அவன் வாழ்க, அவள் வாழ்க, நீ வாழ்க, அவர்கள் வாழ்க. ஆளுக்கு ஆள் மாறாது, காலமும் காட்டாது. வியங்கோள் வினைமுற்று என்று படித்தோம். எல்லா இடத்துக்கும் எல்லாப் பாலுக்கும் பொது என்று நன்னூல் சொல்லும். வாழ்த்துக்கும் வைதலுக்கும் மட்டும் உரியது என்று நினைத்துவிடாதீர்கள், வேண்டுகோளும் கட்டளையும் அதில் அடக்கம். ‘அலுவலகத்தை அணுகுக’, ‘பக்கம் 12 காண்க’ என்று இன்றைக்கும் அச்சில் பார்க்கிறோம். நடக்கிறது, நடந்தது என்று அது அறிவிப்பதில்லை. நடக்கட்டும் என்கிறது.

ஆங்கிலத்திலும் இதற்கென்று தனி உருவங்கள் ஒரு காலத்தில் இருந்தன. அவை தேய்ந்து தேய்ந்து இன்று மொட்டை உருவத்தில் வந்து நிற்கின்றன. “காட் சேவ் தி கிங்” என்பதில் ‘சேவ்ஸ்’ என்று ஏன் இல்லை? கடவுள் அரசரைக் காக்கிறார் என்ற தகவல் அல்ல அது, காக்க என்ற வேண்டுதல். “வீ ரிக்வெஸ்ட் தட் தி ஷிப்மென்ட் பி ஹெல்ட்” என்பதும் அதே ஜாதி: ஷிப்மெண்ட் நிறுத்திவைக்கப்படுக. ரிக்வெஸ்ட், சஜஸ்ட், ரெகமென்ட், டிமாண்ட், இன்சிஸ்ட் போன்ற சொற்களுக்குப் பின்னால் ‘தட்’ போட்டு எழுதும்போது இது வரும். “ஐ சஜஸ்ட் தட் ஹி கோ” என்றால் ‘எஸ்’ விழுந்துவிட்டது என்று தேடாதீர்கள். மறுப்பிலும் ‘டூ’ எட்டிப் பார்க்காது: “வீ ரிக்வெஸ்ட் தட் தி கூட்ஸ் நாட் பி ஷிப்ட்.” அமெரிக்கர்களிடம் இந்த வழக்கம் அதிகம். பிரிட்டனில் இதே இடத்தில் ‘ஷுட் பி ஹெல்ட்’ என்று எழுதுபவர்கள் நிறையப் பேர். உங்கள் சீனியருக்கு பிரிட்டிஷ் பையர்களோடு பழக்கம் அதிகமாக இருந்திருக்கலாம்.

நீங்களும் இப்படி எழுத வேண்டுமா? தேவையில்லை. “ப்ளீஸ் ஹோல்ட் தி ஷிப்மென்ட்” போதும். ஆனால் படிக்கும்போது அடையாளம் தெரிந்தே ஆக வேண்டும், குறிப்பாக ‘இன்சிஸ்ட்’ வரும் இடத்தில். “தி மில் இன்சிஸ்ட்ஸ் தட் தி ஃபேப்ரிக் இஸ் டெஸ்டட்” என்றால், துணியை டெஸ்ட் செய்துதான் கொடுத்திருக்கிறோம் என்று மில் அடித்துச் சொல்கிறது. “தி பையர் இன்சிஸ்ட்ஸ் தட் தி ஃபேப்ரிக் பி டெஸ்டட்” என்றால், டெஸ்ட் செய்தே ஆக வேண்டும் என்று பையர் பிடிவாதம் பிடிக்கிறார். முதல் வாக்கியத்தில் வேலை முடிந்துவிட்டது, இரண்டாவதில் இனிமேல்தான் செய்ய வேண்டும். ‘பி’யை டைப்பிங் மிஸ்டேக் என்று நினைத்துத் தள்ளிவிட்டால் டெஸ்ட் ஆகாத துணி கட்டிங் டேபிளுக்குப் போய்விடும். சீனியருக்கு இந்த எடுத்துக்காட்டைச் சொல்லிப் பாருங்கள், ஒத்துக்கொள்வார்.

‘லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங்’ வேறு விஷயம். ஆங்கிலத்தில் ‘டு’ என்று இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் வினைக்கு முன்னால் வருகிறவர்: ‘டு கோ’, ‘டு ஸீ’. இன்னொருவர் நம் நான்காம் வேற்றுமை ‘கு’ மாதிரிப் பெயரோடு சேருகிறவர்: ‘டு சென்னை’, ‘டு தி பையர்’. ‘லுக் ஃபார்வர்ட் டு’ என்பதில் இருப்பது இரண்டாமவர். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ஒரு பெயரை வைத்துப் பாருங்கள். “லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை” என்று பொருந்துகிறதா? அப்படியென்றால் வினையை அங்கே உட்கார வைக்கும்போது அதையும் பெயராக்கித்தான் வைக்க வேண்டும். நமக்கு அது தொழிற்பெயர், கேள் என்பது கேட்டல் ஆகிறது. அவர்களுக்கு ‘ஐஎன்ஜி’. இதே சோதனையை வைத்தால் “ஐ யூஸ்ட் டு கோ”, “ஐ ஆம் யூஸ்ட் டு கோயிங்” என்ற ஜோடியும் பிரிந்துவிடும். முதலாவது, முன்பெல்லாம் போவேன், இப்போது இல்லை. இரண்டாவது, போய்ப் போய்ப் பழகிவிட்டது. இரண்டாவதில் ‘ஐ ஆம் யூஸ்ட் டு தி நாய்ஸ்’ என்று பெயர் பொருந்தும், முதலாவதில் பொருந்தாது.

மனப்பாடம் செய்ய வழி கேட்டிருந்தீர்கள். அட்டவணையை மறக்க வேண்டாம். ஒழுங்கில்லாத வினைகள் சுமார் 200-தான், பள்ளியிலேயே பெரும்பகுதி உங்களுக்கு ஏறிவிட்டது. அதற்கு மேல் விதிகளை மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ‘டிட்’ வந்தால் வி1 என்ற விதியை ஒப்பிக்கத் தெரிந்தவர்கள்தான் ‘டிட் யூ ரிசீவ்ட்’ என்றும் எழுதுகிறார்கள். அதற்குப் பதிலாக, போன வாரம் நீங்கள் அனுப்பிய மெயில்களில் நாலைந்தை எடுத்து பிரிண்ட் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் முதலில் நிற்கும் வினையை மட்டும் வட்டமிடுங்கள். காலம் அதில் இருக்கிறதா, அதற்கு அடுத்தது அது கேட்ட உருவத்தில் இருக்கிறதா, அவ்வளவுதான் பார்க்க வேண்டும். எங்கெல்லாம் ‘வுட்’ போட்டிருக்கிறீர்களோ, அங்கே நீங்கள் கேட்டீர்களா, வாக்குக் கொடுத்தீர்களா என்று மட்டும் பாருங்கள். பையர் மெயில்களையும் இப்படியே பாருங்கள், ஆனால் திருத்தப் போகாதீர்கள். விநோதமாக ஒரு உருவம் கண்ணில் பட்டால் அவர் எதைத் தள்ளி வைக்கிறார், எதை வேண்டுகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பையர்களும் தப்பு செய்கிறவர்கள்தான், இத்தாலியிலிருந்து வரும் மெயிலை இலக்கணப் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மகனுடைய கேள்வி நல்ல கேள்வி, ‘அது அப்படித்தான்’ என்று சொல்லி அடக்கிவிடாதீர்கள். ‘வென்ட்’ உண்மையில் ‘கோ’வின் பிள்ளையே இல்லை. ‘வெண்ட்’ (wend) என்று இன்னொரு வினை இருந்தது, அதற்கும் வழியே போவது, திரும்புவது என்று பொருள். லெண்ட், ஸ்பெண்ட், பெண்ட் இவற்றின் கடைசி ‘டி’ (d) என்ற எழுத்து வி2-இல் ‘டீ’ (t) ஆவதை அவன் அட்டவணையில் பார்த்திருப்பான். அதே முறையில் ‘வெண்ட்’டின் வி2-தான் ‘வென்ட்’. ‘கோ’வுக்கும் பழைய ஆங்கிலத்தில் கொஞ்சமும் ஒட்டாத ஒரு வி2 இருந்தது, அது வழக்கொழிந்துபோனபோது பக்கத்து வீட்டு ‘வென்ட்’டை எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் வினைகளான பி, ஹேவ், டூ, சே, கோ, கெட், மேக், நோ, திங்க், டேக் எல்லாமே ஒழுங்கில்லாதவை என்பதையும் அவனிடம் சொல்லுங்கள். தினமும் வாயில் வருவதால் அவற்றின் பழைய உருவங்கள் மறக்கவில்லை, அரிதாகப் புழங்கிய பல வினைகள் காலப்போக்கில் ‘ஈடி’ போட்டுக்கொண்டு ஒழுங்காகிவிட்டன. ‘வெண்ட்’டுக்கும் அதுதான் நடந்தது. தன் வி2-ஐ ‘கோ’விடம் பறிகொடுத்துவிட்டு, இன்றைக்குக் கதைப் புத்தகங்களில் எப்போதாவது தலைகாட்டும்போது ‘வெண்டட்’ என்று புதிதாக ஒன்றை வைத்துக்கொண்டு வருகிறது.